அத்தியாயம் 6: சிப்காட்டிலிருந்து காட்டுக்கு, சின்னப் பிள்ளைகளோடு

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் சிப்காட் தொழிற்பேட்டை வரிசையில் குடியிருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய அத்தியாயம் இது. அப்பா ஒரு ஷிப்ட். சில வீடுகளில் அம்மாவும் ஒரு ஷிப்ட். வாரத்தில் ஒரு நாள் வீக் ஆஃப். ஆயுத பூஜை, பொங்கல் சமயத்தில்தான் நான்கைந்து நாள் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். யானை பார்க்க வேண்டும் என்று பிள்ளை கேட்டதும் பேச்சு நேரே முதுமலைக்குப் போய்விடும். கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தால் சுமார் 550 கிலோமீட்டர் காட்டும். விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பெரியவர்கள் நாலு பேர் போனால் அந்தக் கணக்கு சரி. மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு சரிவராது. ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளை ஒரு நாளில் காருக்குள் தாங்குவது ஐந்து மணி நேரம். அதுவும் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை இறக்கிவிட்டால். அதற்குமேல் ஓட்டினால் மறுநாள் காட்டில் அழுகையாகத் திரும்பி வரும். ஆகவே இங்கே இடங்களைப் பிள்ளையின் வயதுப்படி அடுக்கியிருக்கிறேன். மூன்று வயது வரை ஒரே நாளில் போய்த் திரும்பும் இடங்கள். நான்கு, ஐந்து வயதில் ஓர் இரவு வெளியே தங்கும் பயணம். முதுமலை ஆறு வயதுக்குப் பிறகு. அதற்கு முன்னாலேயே கூட்டிப்போகக் கூடாதா என்றால், போகலாம். செலவு உங்களுக்கு, ஞாபகம் பிள்ளைக்கு இருக்காது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசியப் பூங்கா என்று பெயர் இருந்தால் உள்ளே போய்ச் சுற்றலாம் என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. நமக்கு மிக அருகில் இருப்பது கிண்டி. பூந்தமல்லி வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். 1978-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா, சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான், நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. ஆளுநர் மாளிகையை ஒட்டிய அந்தக் காட்டுக்குள் வெளிமானும் புள்ளிமானும் திரிகின்றன. ஆனால் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது முன்பக்கத்துச் சிறுவர் பூங்காவும், பக்கத்தில் 1972-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய பாம்புப் பண்ணையும். இரண்டு வயதுக் குழந்தைக்கு இவை தாராளம். ஐந்து வயதுப் பிள்ளை காடு எங்கே என்று கேட்கும். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

வண்டலூர்

ஒரகடத்திலிருந்து வண்டலூர் ஒரு மணி நேரத்துக்குள். படப்பை நெரிசலில் மாட்டினால் கூடுதலாகும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்னால் படப்பையைத் தாண்டிவிடுங்கள். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985-ல் இங்கே திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1855-லிருந்து, சென்னை நகரத்துக்குள் இருந்த மிருகக்காட்சி சாலைதான் இது. சுமார் 600 ஹெக்டேர். எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்க முயலும் குடும்பங்களைத்தான் மதியம் இரண்டு மணிக்கு மரத்தடியில், ஒரு தோளில் தூங்கும் பிள்ளையோடும் மறு கையில் செருப்போடும் பார்க்க முடியும். பேட்டரி வண்டியில் ஒரு சுற்று, பிறகு நீர்யானை, பறவைக்கூடம், வண்ணத்துப்பூச்சி இல்லம் என்று மூன்றே மூன்று இடம். அவ்வளவு போதும். பதினோரு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கிண்டிச் சிறுவர் பூங்காவும், மைசூரு மிருகக்காட்சி சாலையும், பன்னேர்கட்டாவும் அதே செவ்வாயில்தான் பூட்டியிருக்கும். இந்தப் பக்கத்து ஆலைகள் சிலவற்றில் வீக் ஆஃப் சுழற்சி முறையில் வரும். செவ்வாய் ஆஃப் கிடைத்தவர்களுக்கு ஏரிதான் கதி. அது ஒன்றும் மோசமில்லை, ஏனென்றால் நம் பக்கத்தில் இருக்கும் மிக நல்ல இடமே ஓர் ஏரிதான்.

வேடந்தாங்கல்: முதல் பயணம் இங்கே

கைப்பிள்ளையோடு முதன்முதலாக எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு யோசிக்காமல் சொல்வது வேடந்தாங்கல். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வந்து ஜி.எஸ்.டி. சாலை ஏறி, பரனூர் டோல், செங்கல்பட்டு தாண்டி, படாளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வாலாஜாபாத், உத்திரமேரூர் வழியாகவும் போகலாம். அந்த வழியில் லாரி குறைவு, டோல் இல்லை, இருபக்கமும் வயல். திரும்பும்போது அந்த வழியைப் பிடித்தால் உத்திரமேரூரில் குடவோலைக் கல்வெட்டு உள்ள கோயிலைப் பெரிய பிள்ளைக்குக் காட்டிவிடலாம்; சின்னது எப்படியும் தூங்கியிருக்கும்.

ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். கரைமேல் நடைபாதை, ஒரு பார்வைக் கோபுரம், வாடகைக்குத் தொலைநோக்கி. நடக்கிற தூரம் குறைவு என்பதுதான் சின்னப் பிள்ளைகளுக்கு இதன் முதல் வசதி. இரண்டாவது வசதி, தேடவே வேண்டாம். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும் கடம்ப மரங்களிலும் கிளைக்குப் பத்துக் கூடு. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா என்று பெயர்களே பிள்ளைகளுக்கு விளையாட்டு. பல பெயர்கள் அந்தந்தப் பறவையின் அலகையோ கழுத்தையோ சொல்லிவிடுகின்றன. நத்தைக்குத்தியின் அலகைத் தொலைநோக்கியில் காட்டுங்கள். பாக்குவெட்டியைப் போல மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஏரி நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையை இழுத்துத் தின்பதற்கான அலகு அது. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையையே நுழைத்து மீன் எடுப்பதைப் பார்த்துவிட்டால் நான்கு வயதுப் பிள்ளை கால் மணி நேரம் அசையாது. காட்டில் புலியைத் தேடி இரண்டு மணி நேரம் ஜீப்பில் குலுங்கினாலும் இந்தக் கால் மணி நேரம் கிடைக்காது.

நாற்றம் அடிக்கிறது என்று பிள்ளை மூக்கைப் பிடிக்கும். பறவை எச்சம்தான். அந்த எச்சம் கரைந்த தண்ணீர் பாய்கிற வயலுக்குத் தனியாக உரம் போடும் வேலை குறைகிறது. ஊரார் இந்தப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்ததற்கு அது ஒரு காரணம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இந்தியாவில் சட்டப்படி காக்கப்பட்ட மிகப் பழைய பறவை ஏரிகளில் இது ஒன்றானது அப்படித்தான். தீபாவளிக்கு இந்த ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை. 2020-ல் சரணாலயத்தின் பாதுகாப்பு எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியபோதும் எதிர்ப்பு எழுந்தது. 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்திலிருக்கும் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கரிக்கிலியில் கூட்டம் குறைவு, வசதியும் குறைவு. கழிப்பறைத் தேவை முடிந்த பிறகு போங்கள்.

எப்போது போவது? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்ப வேண்டும். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சரியான சமயம். மழை பொய்த்த வருஷத்தில் ஏரி வறண்டிருக்கும், பறவை வராது. மதுராந்தகம் பக்கத்து ஆட்கள் யாராவது உங்கள் லைனில் வேலை பார்ப்பார்கள், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரம் என்று பார்த்தால் மாலை நான்கு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். பகலெல்லாம் சுற்று வட்டாரத்து ஏரிகளில் மேய்ந்த பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் நேரம் அது. பிள்ளைக்கு மதியத் தூக்கம் காரிலேயே ஆகிவிடும். ஏ ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீடு வருபவருக்குக்கூட இது எட்டும் தூரம்.

கார் இல்லாத வீடுகளும் நிறைய. பைக்கில் பிள்ளையை நடுவில் உட்கார வைத்துப் போகிறவர்களுக்கு ஒரு விதி: நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போனால் வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது, குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். 2023 பிப்ரவரியிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. நாற்பதில் போனால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஜி.எஸ்.டி. சாலையில் போக முடியாது. அதனால் பைக் குடும்பங்கள் உத்திரமேரூர் வழியையே எடுத்துக்கொள்ளுங்கள், பறவைகள் திரும்பும் மாலை வரை நிற்காமல் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

ஓர் இரவுப் பயணம்: ஓசூர், பன்னேர்கட்டா

நான்கு வயதானதும் இது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓசூர் சுமார் 265 கிலோமீட்டர், என்.எச். 48-லேயே நேராக. நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று வரிசையாக டோல். பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொஸ்கோட்டே வரை 262 கிலோமீட்டருக்கு வரும் பெங்களூரு விரைவுச்சாலை முழுதாகத் திறந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். ஆனாலும் விரைவுச்சாலையில் பிள்ளைக்கு மூத்திரம் முட்டினால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வண்டிக்கு ஓட்டல்களும் பெட்ரோல் பங்குகளும் நிறைந்த பழைய சாலையே நல்லது.

ஓசூரில் தங்கி, மறுநாள் காலை ஆனேக்கல் வழியாகப் பன்னேர்கட்டா. அங்கேயும் தேசியப் பூங்கா என்ற பெயருடைய பெரிய காடு தனி, மக்கள் பார்க்கும் உயிரியல் பூங்கா தனி. கம்பி அடைத்த பேருந்தில் ஏற்றிச் சிங்கம், புலி, கரடி, மான் எல்லாம் இருக்கும் வேலியிட்ட காட்டுக்குள் சுற்றிக்காட்டுவார்கள். வேலிக்குள் இருக்கும் மிருகத்தைப் பார்ப்பதா சஃபாரி என்று முகம் சுளிக்கும் ஆட்கள் உண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் கரடி வந்து நின்றால் அதற்கு அது காட்டுக் கரடிதான். நிச்சயமாக மிருகம் தெரியும், ஒரு மணி நேரத்தில் முடியும், இறங்கினால் கழிப்பறையும் இட்லியும் உண்டு. இந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான காடு தென்னிந்தியாவில் குறைவு என்பது என் தீர்ப்பு. டிக்கெட்டை முன்கூட்டி எடுத்துவிடுங்கள்; ஞாயிறு காலை வரிசையில் பிள்ளையோடு நிற்பது வீண்.

வாடகை வண்டி எடுப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கர்நாடக எல்லையில் பர்மிட் கட்ட வேண்டும். அது வாடகையில் சேர்த்தியா தனியா என்று பேசிவிடுங்கள். தெரிந்த பையன் வண்டி என்று ஒயிட் போர்டு காரை வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

முதுமலை

1940-லேயே சரணாலயம், 2007-ல் புலிகள் காப்பகம். பந்திப்பூர், வயநாடு, நாகரஹொளே காடுகளோடு சேர்ந்தது. யானையைக் காட்டிலேயே பார்க்க இந்தியாவில் இதைவிட நம்பகமான இடங்கள் அதிகமில்லை. ஆறு வயதுக்கு மேல் இங்கே போகலாம். ஐந்து நாள் வேண்டும். போக இரண்டு, வர இரண்டு, நடுவில் ஒரு முழு நாள். நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் அந்த நடு நாளைத்தான் தியாகம் செய்வார்கள், அதற்காகத்தானே போனோம் என்று பிறகு சண்டை வரும்.

வழி விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பெரும்பாலானோர் சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறி, அங்கிருந்து முதுமலை இறங்குவார்கள். குன்னூர் மலைப்பாதையின் வளைவுகளில் ஏறும்போது ஒரு தடவை வாந்தி, இறங்கும்போது ஒரு தடவை. ஊட்டியிலிருந்து முதுமலையை ஒட்டிய மசினகுடிக்குக் குறுக்கு வழியான கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு. விபத்துகள் அதிகம் என்பதால் வெளியூர் வண்டிகள் அதில் கீழே இறங்க அனுமதி இல்லை. கூடலூர் வழியாகச் சுற்ற வேண்டும். மைசூரு வழியில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. ஓசூரில் முதல் இரவு. மறுநாள் பெங்களூருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டில் சுற்றி, மைசூரு, நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை. அதைத் தாண்டினால் பந்திப்பூர் காடு, பிறகு எல்லையில் கக்கநல்லா சோதனைச்சாவடி, அப்புறம் முதுமலையின் யானை முகாம் இருக்கும் தெப்பக்காடு. கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லாமல் காட்டுக்குள் போய்விடலாம். வாந்தி எடுக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பந்திப்பூர், முதுமலைச் சாலைகளில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. கர்நாடகப் பக்கம் 2009-லிருந்தே அமலில் இருக்கிறது. எட்டே முக்காலுக்கு வந்துவிடலாம் என்று வேகமெடுக்கும் பேச்சே வேண்டாம். குண்டல்பேட்டையைச் சாயங்காலம் நாலு மணிக்குள் தாண்ட முடியாவிட்டால் அங்கேயே தங்குங்கள். நீலகிரி மாவட்டத்துக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை. வீட்டிலேயே எடுத்து, படம் பிடித்து கைப்பேசியில் வையுங்கள். சோதனைச்சாவடியில் சிக்னலை நம்ப முடியாது. பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள்.

எந்த லீவில் போவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஆயுத பூஜைச் சமயத்தில் காடு பச்சையாக, மழை ஓய்ந்து அழகாக இருக்கும். ஆனால் அதே வாரம் மைசூரு தசரா. அறை கிடைக்காது, கிடைத்தால் விலை இரட்டிப்பு, சாலையில் நகர முடியாது. போகத்தான் வேண்டும் என்றால் மைசூரில் நிற்காமல் தாண்டிவிடுங்கள். பொங்கல் லீவு இதைவிட நல்லது. காலையில் குளிர் இருக்கும், ஸ்வெட்டர் வேண்டும். ஆனால் வானம் தெளிவு. தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்குப் பொங்கலும் வைப்பார்கள். பிப்ரவரிக்குப் பிறகு மரங்கள் இலை உதிர்த்து, காட்டுத்தீ பயத்தில் சுற்றுலாவையே நிறுத்திவைக்கும் வருஷங்கள் உண்டு. மே மாதம் ஊட்டிக் கூட்டம் இங்கேயும் வழியும்.

தங்குமிடம் பதிவு செய்யும்போது வனத்துறை விடுதி கிடைத்தால் அதுவே நல்லது. தனியார் விடுதி என்றால் உரிமம் உண்டா என்று கேளுங்கள். மசினகுடியைச் சுற்றிய சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் கட்டப்பட்ட விடுதிகளை மூடச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயர் வீசப்பட்டுக் காயமடைந்த ஒரு யானை இறந்தது. அதற்காக ஆட்கள் கைதானார்கள். ராத்திரி ஜீப்பில் யானை காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம், பிள்ளைக்கும் ஆபத்து.

தெப்பக்காட்டில் பிள்ளைக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கப் போவது வனத்துறை வண்டியில் போகும் சுற்று என்று நினைத்தால் தப்பு. யானை முகாமில் காலையிலும் மாலையிலும் நடக்கும் சோறூட்டல்தான். கேழ்வரகு, கொள்ளு, அரிசி வெந்த களியை வெல்லம், உப்பு சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடிப்பார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு வேறு, சேர்மானம் வேறு. யானை தும்பிக்கையை மேலே தூக்கி வாயைத் திறக்கும். மாவுத்தன் கையை உள்ளே விட்டு உருண்டையை நாக்கின்மேல் வைப்பார். உதவிக்கு நிற்பவரைக் காவடி என்பார்கள். அந்த வாய்க்குள் பல் எங்கே, நாக்கு எப்படி என்று அரை மணி நேரம் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கும். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தின் பொம்மனும் பெள்ளியும் இந்த முகாமைச் சேர்ந்தவர்கள். படத்தை வீட்டில் முதலில் போட்டுக்காட்டிவிட்டால் குட்டி யானை ரகு எங்கே என்ற கேள்வியோடுதான் பிள்ளை காரை விட்டு இறங்கும்.

வனத்துறை வண்டிச் சுற்றில் ஏறுவதற்கு முன் பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். நடுவில் இறக்கிவிட மாட்டார்கள். புலி தெரியும் என்று ஆசை காட்டாதீர்கள். சாலையோரமெல்லாம் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதால் பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் புலிகூடத் தெரியாது. கடமான், காட்டெருமை, மயில், மந்தி, மலை அணில் ஆகியவை தெரியும். பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தால் போதும், கரையான் புற்றைக்கூட எண்ணிக்கொண்டிருக்கும். உரக்கக் கத்தினால் அடுத்தவர்கள் முறைப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். அழும் குழந்தையை அமைதிப்படுத்த வழியிருந்தால் அவர்களே சொல்லட்டும்.

காட்டுச் சாலையில் சொந்தக் காரை நிறுத்தாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், குரங்குக்குப் பிஸ்கட் போடாதீர்கள். மூன்றுக்கும் அபராதம் உண்டு. அபராதத்தைவிடக் குரங்குதான் பிரச்சினை: ஒருமுறை ஜன்னல் வழியே பிஸ்கட் கிடைத்தால் அடுத்த காரில் இருக்கும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கும்.

வண்டிக்குள்

ஓட்டுபவரைப் பற்றி முதலில். சி ஷிப்ட் முடித்துவிட்டுக் காலை ஏழு மணிக்கு நேரே காரில் ஏறிக் கிளம்பும் பழக்கம் இந்தப் பக்கத்தில் சகஜம். விட்டுவிடுங்கள். இரவு முழுக்க விழித்த ஆளுக்கு வாலாஜாவைத் தாண்டும்போது கண் சொருகும். ஒரு இரவு வீட்டில் தூங்கிவிட்டுத்தான் பயணம். கிளம்பும் நேரம் காலை நான்கரை. ஐந்தரைக்கு மேல் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரத் தொடங்கும். கார் ஏற்றிப் போகும் நீளமான டிரெய்லர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சந்திப்புகளில் திரும்பும்போது பின்னால் நிற்பதைத் தவிர வழியில்லை. பிள்ளையைத் தூக்கத்திலேயே காரில் வைத்துவிட்டால் வேலூர் வரை தூங்கும். அங்கே இட்லி.

மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். ஏர்பேக் வெடித்தால் குழந்தையின் கதி என்ன என்பது அசெம்பிளி லைனில் அதைப் பொருத்துகிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி-யின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். குழந்தை இருக்கை வாங்குவது செலவுதான். குடியிருப்பில் யாரிடமாவது பிள்ளை வளர்ந்து சும்மா கிடக்கும் இருக்கை இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். விபத்தில் சிக்கிய காரில் இருந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அப்படியென்றால் வேண்டாம்.

குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அதிகம். கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வரும் பிள்ளை நிச்சயம் வாந்தி எடுக்கும். நடு சீட்டில், முன் கண்ணாடி வழியாகச் சாலை தெரியும்படி உட்கார வைத்தால் பாதி குறையும். காலையில் பால் வேண்டாம். இட்லி, வாழைப்பழம் போதும். மாத்திரையை டாக்டரைக் கேட்டு, அளவு தெரிந்துகொண்டு மட்டும் கொடுங்கள். மதியத்துக்குப் புளியோதரை நல்லது. தயிர்சாதம் வெயில் ஏறிய காரில் பதினோரு மணிக்கே புளித்துவிடும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மாற்று உடை இரண்டு செட், பழைய துண்டு, வாந்திக்குக் கேரி பேக் எல்லாம் டிக்கியில் போகாமல் காலடியில் இருக்க வேண்டும். பயன்படுத்திய டயப்பரைக் காட்டிலோ சாலையோரத்திலோ எறியாமல் கட்டி எடுத்துவந்து ஊருக்குள் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

காட்டில் புல்லில் உட்கார வைக்காதீர்கள். சாயங்காலம் அறைக்கு வந்ததும் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக் குளிப்பாட்டுங்கள். அவசரத்துக்கு 108, கூடலூரிலும் ஊட்டியிலும் அரசு மருத்துவமனை உண்டு. திரும்பி வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்தோம் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் செடி கொடியில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது, தமிழ்நாட்டில் இருக்கிறது. மருந்து எளிது, ஆனால் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

கடைசியாக லீவு விண்ணப்பம். பயணம் முடிந்து ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு வீடு வந்து, திங்கள் காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடிப்பது எல்லோரும் செய்வதுதான். பிள்ளைக்கும் பள்ளி, அம்மாவுக்குத் துவைக்க மலை போலத் துணி. ஐந்து நாள் பயணம் என்றால் வீடு திரும்பிய மறுநாளும் லீவு இருக்கும்படி திட்டமிடுங்கள். அப்படி முடியவில்லை என்றால் முதுமலையை அடுத்த பொங்கலுக்கு வைத்துவிட்டு, இந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை வேடந்தாங்கலுக்குப் போய்வாருங்கள்.